மரச்சீவலும் சுண்ணாம்பு மணலும்: உவெல்வா சுரங்க நாட்டுக் குறிப்புகள்

திங்கள், அஸ்னல்கோயார்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், செவில்லா நகருக்கு மேற்கே தொடங்கி உவெல்வா மாவட்டத்தைக் கடந்து போர்ச்சுகல் வரை நீளும் நிலத்தடிப் பாறைகளில் உலகின் மிகப் பெரிய கந்தகத் தாதுப் படிவங்கள் அடங்கியிருக்கின்றன. அந்தத் தாதுவைத் தோண்டிய சுரங்கங்களில் பலவற்றைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் அவற்றின் வாய்களிலிருந்தும் கழிவுமேடுகளின் அடியிலிருந்தும் அமில நீர் இன்றும் வடிந்துகொண்டிருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், அந்த நீரைப் பிற தொழில்களின் கழிவுப் பொருள்களைக் கொண்டே சுத்தம் செய்யும் முயற்சிகளை நேரில் பார்க்க இந்த வாரத்தை ஒதுக்கியிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றன்று மாலையே எழுதிப் பதிவிட எண்ணம்.

அஸ்னல்கோயாரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1998 ஏப்ரல் 25 அன்று இங்கிருந்த சுரங்கத்தின் கழிவுத் தேக்கக் கரை உடைந்து, ஏறத்தாழ 20 லட்சம் கன மீட்டர் உலோகச் சேறும் 40 லட்சம் கன மீட்டர் அமில நீரும் முதலில் அக்ரியோ ஆற்றிலும் பிறகு குவாதியமார் ஆற்றிலும் இறங்கி, தொஞானா தேசியப் பூங்காவின் விளிம்பு வரை பரவின. சேற்றை இயந்திரங்களால் வழித்தெடுத்துப் பழைய சுரங்கக் குழியிலேயே கொட்டினார்கள். என்றாலும் வயல் மண்ணில் கலந்துவிட்ட பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத் துகள்கள் காற்றும் ஈரமும் பட்டுத் தொடர்ந்து அமிலத்தை உண்டாக்கியதால், மண்ணுக்கே மருந்திட வேண்டியதாயிற்று.

அதற்கு அவர்கள் தேர்ந்த பொருள்களில் முக்கியமானது சர்க்கரை ஆலைக் கசடு. பீட் கிழங்குச் சாற்றைத் தெளியவைக்க அதில் சுண்ணாம்பையும் கரியமில வாயுவையும் செலுத்துவார்கள். அப்போது படியும் வண்டல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். நம்மூர்க் கரும்பாலைகளில் ஒதுங்கும் கசடு கந்தக வாயு முறையில் தெளியவைத்த சாற்றிலிருந்து வருவது என்பதால் அதில் கார்பனேட் அவ்வளவு இராது. இதை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. குவாதியமார் கரையில் இந்தக் கசடும் இயற்கை உரங்களும் இட்டு உழுத நிலங்களில் இப்போது காட்டு ஒலிவ மரங்களும் புதர்களும் நிற்கின்றன. வேளாண்மைக்கு அந்த நிலங்களை அரசு திருப்பித் தரவில்லை. பசுமைத் தடமாகவே வைத்துக்கொண்டது. மண்ணில் தங்கிவிட்ட ஆர்செனிக்கையும் ஈயத்தையும் நினைத்தால் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

இங்கு மற்றொரு சோதனையும் நடந்தது. அக்ரியோ ஆற்றங்கரை மணலுக்கு அடியில் ஊர்ந்து செல்லும் அமில நிலத்தடி நீரை மறிக்க, 2000ஆம் ஆண்டில் ஓடையின் குறுக்கே அகழி வெட்டி, சுண்ணாம்புக்கல் சரளை, தாவர மக்கு உரம், கழிவுநீர்க் கசடு, இரும்புத் துகள் ஆகியவற்றை வெவ்வேறு கலவைகளாக நிரப்பினார்கள். நீர் அந்தச் சுவரின் ஊடே சென்றாக வேண்டும். மக்கு உரத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் என்றும், துத்தநாகமும் காட்மியமும் செம்பும் அந்தச் சல்பைடோடு சேர்ந்து படிந்துவிடும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். உலோகங்கள் படிந்தன. ஆனால் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது சுண்ணாம்புக்கல்தான் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

காரணம் எளியது. மக்கு உரம் என்பது நுண்ணுயிர்கள் ஏற்கெனவே தின்று முடித்த பொருள். எளிதில் செரிக்கும் பகுதி போய், லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) போன்ற கடினமான பகுதியே அதில் மிஞ்சியிருக்கிறது. ஆட்டெரு, கோழியெரு, ஓக் இலை, மக்கு உரம் ஆகியவற்றை அதே ஆய்வுக் குழு ஒப்பிட்டபோது, லிக்னின் குறைந்த ஆட்டெருவே இந்த நுண்ணுயிர்களுக்கு நன்கு உணவாயிற்று. கழிவு எதுவானாலும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

செவ்வாய், மினாஸ் தெ ரியோதிந்தோ

திந்தோ ஆற்றைப் படங்களில் பலமுறை பார்த்திருந்தும், கரையில் நின்றபோது சற்று நேரம் குறிப்பெடுக்கத் தோன்றவில்லை. ஆழமான இடங்களில் நீர் அடர்சிவப்பு. கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்தால் பால் சேர்க்காத தேநீரின் நிறம். அமிலம் காட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டபோது பிஎச் (7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 2க்கும் 3க்கும் நடுவில் நின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடையும் வரை இந்த ஆறு அமிலமாகவே இருக்கிறது. இதில் மீன் கிடையாது.

பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்குள் காற்று படாமல் இருக்கும் வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. தோண்டியெடுத்துக் காற்றும் நீரும் படவிட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்று, தானே பைரைட்டைத் தாக்கத் தொடங்குகிறது. அமிலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த இரண்டாம் கட்டத்தை மிகவும் விரைவுபடுத்துகின்றன. ஒருமுறை தொடங்கிவிட்டால், பைரைட் தீரும் வரை அல்லது காற்றை அடைக்கும் வரை இது நிற்காது. அமிலம் செல்லும் வழியிலுள்ள பாறைகளையும் கரைப்பதால் அலுமினியம், செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் நீரில் சேர்கின்றன.

இப்போது மழைக்கு முந்திய காலம். வற்றிய ஓரங்களில் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம் என்று உப்புப் பொருக்குகள் படிந்திருக்கின்றன. ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்தபோது, மேலே மாவு போன்றும் அடியில் நுண்ணிய ஊசிகள் நெருக்கமாக நிற்பது போன்றும் இருந்தது. இவை இரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவற்றின் சல்பேட் உப்புகள். கோடை முழுவதும் சேர்ந்த அமிலம் உலர்ந்த வடிவில் இங்கே காத்திருக்கிறது. இலையுதிர்காலத்தின் முதல் மழை இவற்றைக் கரைத்து அடித்துச் செல்லும்போதுதான் ஆற்றில் உலோகங்களின் செறிவு உச்சத்தைத் தொடுகிறது.

ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக இங்கே உலோகம் எடுக்கிறார்கள். 1873இல் ஸ்பெயின் அரசு சுரங்கங்களை பிரித்தானிய முதலீட்டாளர்கள் தலைமையிலான குழுவுக்கு விற்றது. அவர்கள் தாதுவைத் திறந்தவெளியில் குவித்து எரித்ததால் எழுந்த கந்தகப் புகை பயிரையும் மூச்சையும் கெடுத்தது. அதை எதிர்த்துத் தொழிலாளர்களும் உழவர்களும் 1888 பிப்ரவரி 4 அன்று ஊர்ச் சதுக்கத்தில் கூடியபோது இராணுவம் சுட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்று வரை சர்ச்சைக்குரியது. சூழலுக்காக மக்கள் கூடி உயிர் கொடுத்த மிகப் பழைய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று என்பதால், கோர்த்தா அத்தலாயா என்னும் பெருங்குழியைக் காண வருகிறவர்கள் அதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த ஆறு முழுவதையும் கழிவுப் பொருள்களால் சுத்தம் செய்துவிட முடியாது. சுரங்க வேலை தொடங்கும் முன்பே இயற்கையாகவே ஓரளவு அமிலமாக இருந்திருக்கக்கூடிய ஆறு இது, கழிவுமேடுகளோ மலையளவு. நாளை காணப்போவது வேறு அளவிலான வேலை.

புதன், மினா எஸ்பெரான்சா

அல்மொனாஸ்தெர் லா ரெயால் வட்டாரத்தில், யூக்கலிப்டஸ் தோப்புகளும் ஓக் மரங்களும் சூழ்ந்த சரிவில், கைவிடப்பட்ட இந்தச் சிறு சுரங்கத்தின் வாயிலிருந்து ஓயாமல் நீர் வடிகிறது. இதற்கு உரிமையாளர் என்று பொறுப்பேற்க எவரும் இல்லை. மின்சாரம், ஆள், சுண்ணாம்புத்தூள் லாரி என்று தினமும் செலவு கேட்கும் ஆலையை இங்கே யாரும் கட்டப்போவதில்லை. ஆகவே, தானாக இயங்கும் அமைப்பை உவெல்வா பல்கலைக்கழகத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் என்னும் சுற்றுச்சூழல் திட்டத்தின் நிதி உதவியோடு இங்கே கட்டினார்கள். அங்கே ஆய்வு செய்யும் ஒரு மாணவி காலை முழுவதும் உடன் வந்து காட்டினார்.

அமைப்பைச் சொல்வதற்கு முன், இதற்கு முந்திய முறைகள் இங்கே ஏன் தோற்றன என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க நீருக்கு, காளான் பண்ணைகளில் பயன்படுத்தித் தள்ளிய மக்கு உரத்தை மேலேயும் சுண்ணாம்புக்கல் சரளையைக் கீழேயும் இட்டுக் குளம் அமைப்பார்கள். மக்கு உரம் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், இரும்பு படியாமல் கரைந்த நிலையிலேயே சுண்ணாம்புக்கல்லைக் கடந்துவிடும். அங்கே அது நன்றாக உழைத்தது. உவெல்வாவின் நீரிலோ உலோகச் செறிவு அதைவிடப் பல மடங்கு. அந்த வகைக் குளங்களை இங்கே அமைத்தபோது, கல்லின் மேல் இரும்பும் அலுமினியமும் தோலாகப் படிந்து, உள்ளே கல் நன்றாக இருக்கும்போதே அது செயலற்றுப் போனது. மீதியிருந்த இடைவெளிகளையும் வீழ்படிவு அடைத்துவிட்டது.

இங்கே செய்திருக்கும் மாற்றம் இதுதான்: சரளைக்குப் பதில் மணல் அளவுக்கு நுண்ணிய சுண்ணாம்புக்கல், அதை ஏறத்தாழ முக்கால் பங்கு பைன் மரச்சீவலோடு கலந்து இரண்டு மீட்டருக்கும் மேல் ஆழமாக நிரப்புகிறார்கள். மணல் நுண்ணியதாக இருப்பதால், மேல்தோல் படிந்து மூடுவதற்குள் துகள் ஏறத்தாழ முழுமையாகக் கரைந்துவிடுகிறது. மரச்சீவல் இந்த வேதியியலில் பெரிதாகப் பங்கேற்பதே இல்லை. துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தி, வீழ்படிவு தங்க இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அஸ்னல்கோயாரில் மக்கு உரத்தை உணவாக இட்டார்கள்; இங்கே மரச்சீவலை இடத்துக்காக இட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கழிவைக் கொட்டிய அமைப்புகள் பல நாடுகளில் வீணாகியிருக்கின்றன என்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

நீர் முதலில் ஆழமற்ற, அகன்ற குளத்தில் பரவி நிற்கிறது. அங்கே இரும்பு நுண்ணுயிர்கள் கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்ய, ஒரு பகுதி இரும்பு ஷ்வெர்ட்மனைட் என்னும் செம்மஞ்சள் கனிமமாகப் படிகிறது. நீரிலுள்ள ஆர்செனிக்கையும் அதுவே பற்றிக்கொண்டு இறங்குகிறது. எந்த மருந்தும் சேர்க்காமல், சுரங்கத்திலேயே வாழும் உயிர்களைக் கொண்டு நடக்கும் வேலை இது. அடுத்து நீர் சுண்ணாம்பு-சீவல் தொட்டியின் மேற்பரப்பில் தேங்கி, மெல்ல மெல்லக் கீழிறங்கி, அடியிலுள்ள குழாய்கள் வழியே வெளியேறிப் படிகளில் விழுந்து, தெளிவுக் குளங்களை அடைகிறது.

முன்பு தொட்டியிலிருந்து அகற்றி ஓரமாக வைத்திருந்த பழைய படுகையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்க மாணவி அனுமதித்தார். இழைப்புளி போட்டபோது சுருண்ட சுருள் குலையாமல் அப்படியே இருந்தது. அதன் மேல் ஈரமான காவிநிறப் பூச்சு. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மணல் துகள்கூட நெருடவில்லை. சுண்ணாம்பு முழுவதும் வேலை செய்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் குவியலின் மற்றொரு பகுதி வெண்மையாக, களிம்பு போல இருந்தது. அது அலுமினியம். படுகையில் நீர் இறங்க இறங்க அமிலம் தணிவதால், பிஎச் 3ஐ ஒட்டி இரும்பு மேலடுக்கிலும், 4ஐத் தாண்டும்போது அலுமினியம் அதற்குக் கீழும் படிகின்றன. செம்பும் ஈயமும் இவற்றோடு பிடிபடுகின்றன. வெண்ணிற அடுக்கில் அருமண் உலோகங்களும் சேர்வதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தெடுத்து விற்க முடிந்தால் படுகையை மாற்றும் செலவில் ஒரு பங்காவது தேறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

வெளியேறும் நீரில் தாளை நனைத்தேன்: பிஎச் 6. கரியமில வாயுக் குமிழிகள் அதில் எழுந்துகொண்டிருந்தன. படிகளில் விழும் இடத்தில் மீண்டும் மெல்லிய செம்மஞ்சள் படலம். ஆக்சிஜனேற்றம் பெறாமல் தப்பிய இரும்பு அங்கே காற்றுப் பட்டுப் படிகிறது.

செலவழிந்த படுகை எங்கே போகும் என்று கேட்டேன். உலோகம் செறிந்த அந்தப் பொருளை ஆய்ந்து, உரிய கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். கழிவால் நீரைச் சுத்தம் செய்தால் கழிவு மறைந்துவிடுவதில்லை. ஆற்றில் பரந்து ஓடியது ஒரு தொட்டிக்குள் அடங்குகிறது. அந்த அளவுக்கு அது பெரிய வேலைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படுகையை அள்ளி மாற்றும் பொறுப்பை எவரேனும் எழுத்தில் ஏற்காதவரை, இத்தகைய அமைப்பைத் திறந்துவைப்பதில் பயனில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

வியாழன், மினா கொன்செப்சியோன்

ஓடியேல் ஆறு மலையிலிருந்து இறங்கும்போது நல்ல ஆறு. கொன்செப்சியோன் சுரங்கத்துக்கு மேலே கற்களில் பச்சைப் பாசியும் நீரில் பூச்சிகளும் இருக்கின்றன. சுரங்கத்தின் கழிவுநீர் வந்து சேரும் இடத்திலிருந்துதான் அதன் கேடு தொடங்குகிறது. இங்கும் அதே சுண்ணாம்பு-சீவல் முறையில் சுத்திகரிப்பு அமைத்திருக்கிறார்கள். இந்த இடத்தைத் தேர்ந்ததில் நல்ல யோசனை தெரிகிறது: இதற்கு மேலே உயிருள்ள ஆறு இருப்பதால், நீர் தேறத் தேற மேலிருந்து உயிர்கள் தாமாகவே கீழே இறங்கி வரும்.

துத்தநாகம் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. சுண்ணாம்புக்கல் நீரின் பிஎச்சை 6 அல்லது 7 வரைதான் உயர்த்தும். துத்தநாகம், காட்மியம், நிக்கல், மாங்கனீஸ் ஆகியவை படிய அது போதாது. அதற்காக மோன்தே ரொமேரோ என்னும் சுரங்கத்தில், சுண்ணாம்புப் படுகைக்குப் பின் மக்னீசியம் ஆக்சைடும் மரச்சீவலும் கலந்த தொட்டியைச் சோதித்தார்கள். மாக்னசைட் கல்லைச் சுடும் தொழிலில் கிடைக்கும் மலிவான தூள் அதற்குப் போதுமானது. மாக்னசைட்டை வெள்ளைக்கல் என்று சொல்லிப் பழகிய சேலத்துக்காரர்களுக்கு இது ஆர்வமூட்டலாம். அந்தத் தூள் பிஎச்சை 8.5க்கு மேல் கொண்டுபோகும். ஆனால் கட்டுமீறி ஏற்றாது. அந்த நிலையில் துத்தநாகமும் அதன் துணை உலோகங்களும் படிந்துவிடுகின்றன. வரிசைதான் இங்கே முக்கியம்: இரும்பையும் அலுமினியத்தையும் முன்பே அகற்றாவிட்டால், விலை கூடிய மக்னீசியம் அவற்றுக்கே செலவாகித் தீர்ந்துவிடும்.

மாலையிலிருந்து மழை.

வெள்ளி, சாஞ்சோ அணையும் உவெல்வாவும்

இரவு முழுவதும் பெய்தது. காலையில் பாலத்திலிருந்து பார்த்தபோது ஓடியேல் நேற்றைய நிறத்தில் இல்லை. கரையோர உப்புகளெல்லாம் கரைந்திருந்தன, ஆறு செங்காவியாகப் பெருகியிருந்தது. சாதாரண வடிகாலுக்காக அளவிட்ட தொட்டிகள் இந்த வகை வெள்ளத்தைத் தாங்க மாட்டா. கழிவுமேடுகளைக் களிமண்ணால் மூடி, அதன் மேல் செடி வளர்த்து, மழை உள்ளே இறங்காமல் செய்யும் வேலையும் கூடவே நடந்தாக வேண்டும் என்பது இன்று கண்முன் தெரிந்தது.

சாஞ்சோ அணை 1962இல் மேகா ஆற்றில் கட்டியது. தார்சிஸ் சுரங்கங்களின் நீர் இதில் சேர்வதால் ஏரி முழுவதும் அமிலம். பிஎச் 4ஐ ஒட்டியே இருக்கும். பார்வைக்கு அடிவரை தெரியும் தெளிந்த நீர். அமிலத்தில் நுண்துகள்களும் பாசியும் குறைவாக இருப்பதால் வந்த தெளிவு அது.

உவெல்வா நகரில் திந்தோ, ஓடியேல் ஆகிய இரு ஆறுகளும் கலந்து கடலுக்குப் போகின்றன. 1492இல் கொலம்பஸின் கப்பல்கள் புறப்பட்ட பாலோஸ் ஊர் எதிர்க்கரையில் இருக்கிறது. இந்த முகத்துவாரத்தின் வழியே ஆண்டுதோறும் ஏறத்தாழ 7,900 டன் இரும்பும் 3,500 டன் துத்தநாகமும் 1,700 டன் செம்பும் கடலில் சேர்வதாக இங்குள்ள நீரியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நகரை ஒட்டிய சதுப்பில் உரத் தொழிற்சாலைகளின் பாஸ்போஜிப்சம் என்னும் ஜிப்சக் கழிவு 100 மில்லியன் டன் அளவில் குவிந்து கிடக்கிறது. 1968 முதல் 2010 வரை கொட்டியது. அதிலிருந்து கசியும் நீரும் கடும் அமிலம். மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் சாம்பலைச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் பயன்படுத்தி, அந்தக் கசிவைச் சுத்தம் செய்ய முடியுமா என்று இங்குள்ள பல்கலைக்கழகத்தினர் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். சுற்றிலும் யூக்கலிப்டஸ் தோப்புகள் இருக்கும் மாவட்டத்தில் சாம்பலுக்குக் குறைவில்லை. சாம்பலோடு வரும் பிற உப்புகளையும் உலோகங்களையும் அளந்து பார்த்த பிறகே அதைப் பெரிய அளவில் இறக்க வேண்டும்.

ஓடியேலின் கீழ்ப்பகுதியில் அல்கோலேயா என்னும் பெரிய அணையின் கட்டுமானம் 2017இல் பாதியில் நின்றது. கட்டி முடித்தால் அதிலும் அமில நீரே தேங்கும் என்று நீரியலாளர்கள் எச்சரித்தார்கள். அணையை வேண்டுகிற உழவர்களோ பாசன நீருக்காகக் காத்திருக்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கான்கிரீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை, மேலே உள்ள சுரங்க வாய்களில் கொன்செப்சியோனில் செய்தது போன்ற தொட்டிகளுக்கும், கழிவுமேடுகளை மூடுவதற்கும் முதலில் செலவிடுவதே முறை. எந்தச் சுரங்க வாய் எவ்வளவு உலோகத்தைத் தருகிறது என்ற அளவீடுகள் பல்கலைக்கழகத்திடம் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றன. மேகா, ஓராக்கே ஆகிய துணையாறுகளிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.